கூரையைக் கழற்றிவிட்டுக் கோடைக்குக் கிளம்புகிறவர்கள்

பங்குனி பிறந்தால் போதும். மாங்காய் சந்தைக்கு வருகிறதோ இல்லையோ, "இந்தக் கோடைக்கு ஏற்ற டாப் 10 கன்வெர்ட்டிபிள் கார்கள்" என்ற பட்டியல் வந்துவிடும். எந்தக் காரின் கூரை எத்தனை நொடியில் மடங்குகிறது, எதில் நான்கு பேர் உட்காரலாம், எதன் சத்தம் எப்படி என்று காலேஜ் கேன்டீனில் ஒரு மணி நேரம் ஓடும். பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பஸ் பாஸில் வருகிறவர்கள் என்பது வேறு விஷயம். ஆசைப்பட யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் "சிறந்த கன்வெர்ட்டிபிள் எது" என்று மண்டையை உடைத்துக்கொள்கிற யாரும், அந்தப் பட்டியலில் இருக்கிற "கோடை" எந்த ஊர்க் கோடை என்று கேட்பதே இல்லை.

அது லண்டன் கோடை, மியூனிக் கோடை. லண்டனில் வருஷத்திலேயே சூரியன் அதிக உயரத்துக்கு ஏறுகிற ஜூன் நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 62 டிகிரிதான். எட்டு மாதம் மேகத்துக்குள் கிடந்தவன், அந்தச் சாய்ந்த வெயில் கிடைத்ததும் சட்டையையும் கழற்றுவான், காரின் கூரையையும் கழற்றுவான். அவனுக்கு அது நியாயம். உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம்பிடித்த மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1989-ல் வெளிவந்து 2016-க்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த மாஸ்டா கம்பெனி இந்தியாவில் தன் கார்களுக்குக் கடை விரிக்கவே இல்லை. நம் பட்டியல்காரர்கள் மட்டும் விடாமல் அதை முதலிடத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது பழவேற்காட்டுக்கு வாருங்கள். சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள், ஏறக்குறைய 13.4 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசி வாரத்தில் இங்கே நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நின்றால் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். மே முதல் வாரத்தில் கத்திரி. மேற்குக் காற்று வலுத்த நாட்களில் கடல் காற்று மதியம் தாண்டியும் கரையேறாது. 2003 மே மாதக் கடைசியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. இந்த வெயிலில் கூரையைத் திறப்பதற்குப் பட்டியலில் பத்து கார்!

"வண்டி ஓடினால் காற்று வருமே" என்பார்கள். வரும். ஆனால் காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால் அந்தக் காற்று உடம்பைக் குளிர வைக்காது, சூடேற்றும். வியர்வை உலர்வதில்தான் கொஞ்சம் ஆறுதல். கடலோரப் புழுக்கத்தில் அந்த வியர்வையும் சீக்கிரம் உலராது. ஏ.சி. போட்டால் ஊருக்கெல்லாம் குளிரும், ஓட்டுகிறவனுக்குக் குளிராது.

பட்டியல்காரர்கள் வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மே மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கூரையில்லாமல் ஒரு கன்வெர்ட்டிபிளை ஓட்ட வேண்டும். மீஞ்சூர் வட்டாரம் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வட்டாரம். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று டிரெய்லர் லாரிக்குப் பின்னால் மாட்டினால், ஓட்டுகிறவரின் மூக்கும் லாரியின் புகைக்குழாயும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பொன்னேரி போய்ச் சேரும்போது வெள்ளைச் சட்டை என்ன நிறத்தில் இருக்கும் என்று எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை. கூரை 10 நொடியில் மூடும் என்று பெருமையாக எழுதுவார்கள். இந்த ரோட்டில் அதன் உண்மையான பயன் அந்த மூடுகிற 10 நொடிதான்.

நம் ஊரில் கோடையில் கூரையில்லாத வண்டியில் போகிற பெரிய மனிதர் ஒருவர் உண்டு. வேட்பாளர்! 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19 என்று ஓட்டுப்பதிவு வந்ததால் பிரசாரம் முழுக்க வெயிலில்தான். திறந்த ஜீப்பில் நின்று கும்பிடுகிற அவர் தலையில் துண்டு, பக்கத்தில் ஒருவர் குடை, கீழே ஒருவர் மோர். கடைசி ஓட்டு விழுந்ததும் அவர் ஏறுகிற வண்டியைப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி, முழுக் கூரை, முழு ஏ.சி. தமிழ்நாட்டில் கன்வெர்ட்டிபிளைக் கோடையில் முறையாகச் சோதித்துப் பார்த்த ஒரே கூட்டம் அதுதான். அவர்கள் தீர்ப்பும் தெரிந்துவிட்டது. சினிமாவில் ஹீரோ திறந்த காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாரே என்றால், அந்தக் கார் ஓடுவது பெரும்பாலும் ஊட்டியில், இல்லாவிட்டால் சுவிட்சர்லாந்தில். மதியம் ஒரு மணிக்கு மீஞ்சூரில் டூயட் எடுத்த டைரக்டர் யாராவது உண்டா?

சரி, அந்தக் கார் ஒருவழியாகப் பழவேற்காடு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தால் எதிரே ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதற்குள்ளே பசியாவரம், இடமணி, ரகமத் நகர் என்று தீவுக் கிராமங்கள். பல தலைமுறையாக இவர்களுக்கு ஊர் போய்வர வழி படகுதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், கல்யாணச் சீர் எல்லாம் படகில்தான் போயின. பாலம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஒப்புதல் கிடைத்து, வேலை தொடங்கிய பிறகும் அது வருஷக்கணக்கில் இழுத்தது.

அந்தப் படகுக்குக் கூரை கிடையாது. வலை போடும் படகில் கூரை வைத்தால் வலை போட முடியாது. கோடையோ மழையோ, திறந்த வண்டிதான். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கிறதே என்றால், அது கடலுக்குப் போகிற விசைப்படகுகளுக்கு. ஏரியில் சின்னப் படகில் தொழில் செய்கிறவருக்கு அந்த ஓய்வும் இல்லை. இங்கே "பாடு" என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அழகான ஏற்பாடு, காமர்ஸ் பாடப் புத்தகத்தில் பொதுச் சொத்தைப் பங்கிடுவது பற்றி எழுதுகிறவர்கள் இங்கே வந்து படிக்கலாம். ஆனால் தன் பாட்டு நாள் கத்திரியில் விழுந்தால், வெயில் அதிகம் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட முடியாது.

இவர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை இருக்கிறது. இருளர் பெண்கள் படகும் இல்லாமல், வலையும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் வேண்டுமே. மேலே சூரியன், கீழே தண்ணீரில் திருப்பியடிக்கிற அதே சூரியன். தலைக்கு ஒரு துணி, அவ்வளவுதான் கூரை. கரையில் நிற்கிற காரின் சிறப்பு என்ன என்று அவர்களில் ஒருவர் கேட்டு, "இதன் கூரையைக் கழற்றலாம் அக்கா, அதற்குத்தான் இத்தனை லட்சம் அதிகம்" என்று பதில் சொல்ல நேர்ந்தால் எப்படி இருக்கும்? "ஏன் தம்பி, வீட்டுல கூரை இல்லாத புள்ளையா நீ?" என்று கேட்டாலும் கேட்பார்.

உடனே ஒரு கூட்டம், "அவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பதற்காக யாரும் கார் வாங்கக் கூடாதா?" என்று கிளம்பும். வாங்கட்டும். இங்கே சண்டை வாங்குவதைப் பற்றி இல்லை, அதற்குச் சொல்கிற காரணத்தைப் பற்றி. வெயிலில் கூரையில்லாமல் போவதை "சுதந்திரம்", "இயற்கையோடு ஒன்றுவது" என்று விளம்பரம் எழுதுகிறவன், வேண்டாம் என்று தோன்றினால் பட்டனை அழுத்திக் கூரையை வரவழைக்கக் கூடியவன். அவன் காசு கொடுப்பது அந்தப் பட்டனுக்கு. அதை ஒளித்துவிட்டு வெயிலைப் புகழ்வது சுத்தப் பித்தலாட்டம்.

காசு என்று வந்துவிட்டது, கணக்கும் பார்த்துவிடலாம். 2023 மே மாதத்தில் (கத்திரியில்தான்!) இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ. இசட்4 புது மாடலின் ஷோரூம் விலை 89.30 லட்சம். அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டில் சாலை வரி உயர்ந்தது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். இந்த விலைக்கு வரி மட்டும் 17 லட்சத்துக்கு மேல். சரி, அந்த உயரத்துக்கே போக வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு கார்கள், ஒன்றில் கூரை திறக்கும், அதற்குப் பத்து லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ்காரர் கணக்கில் ஐந்தாவது வருஷம் முடியும்போது வண்டியின் மதிப்பு பாதி. ஆக, திறக்கிற கூரைக்காகக் கரைந்தது ஐந்து லட்சம். இந்த ஊரில் நிம்மதியாகக் கூரை திறக்க முடிந்தது எப்போது? மார்கழியிலிருந்து மாசி வரை ஞாயிறு விடிகாலை, வருஷத்துக்கு 15 மணி நேரம் என்று தாராளமாகவே போடுவோம். ஐந்து வருஷத்துக்கு 75 மணி. ஒரு மணி நேரக் காற்றுக்கு 6,666 ரூபாய். கூரை ஓரத்து ரப்பர் உப்புக்காற்றில் இற்றுப்போய்ப் புதிதாகப் போட வேண்டி வந்தால், அது தேய்மானம், இன்ஷூரன்ஸ் தராது. விபத்தில் போனாலும் சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். மீதி சொந்தப் பையிலிருந்து.

இந்த உப்பு விஷயத்தில் ஒரு பழைய இந்தியக் காரை நினைக்காமல் இருக்க முடியாது. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம், 1998-ல் வந்தது. ரெனோ எஞ்சின், துணிக்கூரை, ஃபைபர் கிளாஸ் உடம்பு. பெரிதாக விற்கவில்லை, பிறகு மறைந்தும் போனது. ஆனால் கடலோரத்தில் ஓடுகிற வண்டிக்கு ஃபைபர் உடம்பு என்பது மூளையுள்ள யோசனை. துருப்பிடிக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் மரப்படகுகளின் இடத்தில் பெருகியதும் ஃபைபர் படகுதான். ஐரோப்பியக் காரைப் பட்டியல் போடுகிறவர்கள் கண்ணில் சான் ஸ்டார்ம் ஏனோ படுவதே இல்லை.

கூரை கழற்றுகிற வண்டி இல்லாமல் தூக்கமே வராது என்கிறவருக்கு, இந்த ஊருக்குப் பொருந்துகிற ஜாதி ஒன்றுதான், ஜீப் ஜாதி. 1985-ல் வந்த மாருதி ஜிப்சியின் துணிக்கூரையை அவிழ்க்கப் பட்டன் கிடையாது, இரண்டு கை வேண்டும். 2020 அக்டோபர் 2 அன்று வந்த மஹிந்திரா தாரிலும் கையால் மடிக்கிற துணிக்கூரை வகை இருந்தது. உயரமான வண்டி, லாரிப் புகை நேராக மூக்கில் ஏறாது. மேடு பள்ளம் தாங்கும். விலையும் அந்த வெளிநாட்டுக் கார்களின் அருகில்கூட வராது. செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் முதலில் தரை விரிப்பைத் தூக்கி, கீழே உப்பு தின்றிருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு துணியின் தையலையும் பார்க்கட்டும்.

ஆனால் தார் வாங்கியவர்கள் அடுத்து செய்கிற வேலை, அதை மணலில் இறக்கி வட்டமடித்து வீடியோ எடுப்பது. அதற்கும் கோடை லீவுதான் வசதி. இந்தக் கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடும். குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஏப்ரலில் மணலுக்கடியில் என்ன இருக்கிறது என்று டயருக்குத் தெரியாது, ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ளலாமே. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. மிச்சமிருப்பதன் மேல் ஜீப் ஏற்றிப் பந்தா காட்ட வேண்டியதில்லை. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடக்கலாம், கால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

கூரையைத் திறந்துகொண்டு பழவேற்காட்டுக்கு வர நல்ல காலம் தை மாதம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் மீஞ்சூரை லாரி நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். ஏழு மணிக்கு ஏரிக்கரை. நீர் வற்றியும் வற்றாமலும் இருக்கிற பக்கத்தில் பூநாரைகள் நிற்கும். ஒன்பது மணிக்குள் இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். பேரம் பேசுகிறவர்கள் அந்த 6,666 ரூபாயை நினைத்துக்கொண்டு பேசவும். கோடையில் வந்துதான் தீருவேன் என்றால், பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். இரண்டுக்கும் கூரை உண்டு.