துண்டும் துணுக்கும்



தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து முடித்ததும் தையற்பொறியின் அடியிற் பாருங்கள். கழுத்து வளைத்து வெட்டிய துண்டு, கையோரம் எஞ்சிய துணுக்கு என வண்ண வண்ணமாய்ச் சிதறிக் கிடக்கும். கூட்டியள்ளிக் குப்பையில் இடுவோர் பலர். பொட்டலமாகக் கட்டி வைத்து மறப்போர் சிலர். எடுத்துப் பயன்செய்வோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலர் அடையும் இன்பத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றேன்.

சிறியவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கும் வேலைக்கு நூற்றலைவிட நல்ல உதாரணம் வேறில்லை. இராட்டை என்றதும் நமக்குப் பஞ்சே நினைவுக்கு வரும். 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் இலங்கைக்கு வந்து திரட்டியதும் கதர் நிதியே. குளிர்நாட்டவரோ ஆட்டுக் கம்பளியை நூற்றனர். ஆலைகள் தோன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், கையால் நூற்கும் இன்பத்திற்காகவே நூற்போர் இன்றும் அங்கு உளர்.

கத்தரித்த கம்பளியை வெந்நீரில் ஊறவைத்து மெல்ல எடுக்க வேண்டும். கசக்கினால் திரண்டு கட்டியாகிவிடும். உலர்ந்தபின், கம்பிப்பல் பதித்த இரு பலகைகளுக்கிடையே இட்டு வாரினால் சிக்கல் நீங்கி முகில்போல் ஆகும். அதன் நுனியைக் கதிரிற் பிணைத்து, கதிரைச் சுழற்றியவாறே சிறிது சிறிதாக இழுத்துவிடுவர். ஒவ்வோர் இழையும் குறுகியது. தனியே இழுத்தால் எளிதில் அறுந்துபோம். ஆயினும் கம்பளி இழை இயல்பாகவே நெளிந்தது. அதன்மேல் நுண்ணிய செதில்களும் உண்டு. முறுக்கு ஏறியதும் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. முறுக்குக் குறைந்தால் நூல் பிரியும். மிகுந்தால் சுருண்டு மடியும். அந்த அளவை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது, விரல்தான் அறியும். தொடக்கத்திலே ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வரும் நூல், நாளடைவில் ஒரே சீராக ஓடும். அந்த ஓட்டத்திலே மனமும் அடங்கும்.

நூலுக்கு இழை எப்படியோ, ஒட்டுப்போர்வைக்குத் துணித்துண்டும் அப்படியே. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே ஓட்டித் தைத்துப் போர்வை செய்வர். 'காந்தா' என்பது அதன் பெயர். நமது 'கந்தை' என்ற சொல்லுக்கு அஃது உறவுச் சொல்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்பு பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. வறுமை மிக்க நாட்களில் அவ்வூர் வீடுகளின் சுவரிடுக்கு வழியே குளிர்காற்றுப் புகும். தேய்ந்த காற்சட்டை, மாச்சாக்கு, கிழிந்த சட்டை என்று கிடைத்ததையெல்லாம் இணைத்துப் பெண்கள் போர்வை தைத்தனர்.

அவர்களுள் ஒருவரான மிசூரி பெட்வே, 1942ஆம் ஆண்டு கணவரை இழந்த துயரில் இருந்தார். கணவர் உடுத்து உழைத்த உடைகளைப் பிரித்தெடுத்தார். மகளும் துணைநிற்க, அவற்றை ஒரு போர்வையாக்கினார். கணவரை நினைவிற் கொள்ளவும், அந்த அன்பையே போர்த்திக்கொண்டு உறங்கவும் அவர் கண்ட வழி அதுதான்.

அவ்வூர்ப் போர்வைகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நுண்கலைக்கூடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டு அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன. உலகம் அவற்றைக் கலையென்று கொண்டாடியது. ஆனால் மிசூரி அம்மையார் 1942இல் நாடியது புகழன்று. போனவரின் உழைப்பு வாசம் மாறாத ஒரு கதகதப்பு. பிரிந்தவரைக் கையால் மீட்க முடியாது. எஞ்சியதைச் சிதறவிடாமற் சேர்த்துவைக்கக் கைகளால் முடியும்.

நாமும் தொடங்கலாம். தடிப்பில் ஒத்த துணிகளையே தெரிந்தெடுங்கள். தைக்குமுன் எல்லாவற்றையும் துவைத்து உலர்த்துங்கள். பின்னர் சுருங்குவதும் சாயம் ஊறுவதும் குறையும். நான்கங்குலச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டு இணையுங்கள். மார்கழிக் குளிருக்கு ஒரு சிறு போர்வை கிடைத்துவிடும்.

அதைப் போர்த்திப் படுக்கும் பிள்ளை ஒரு துண்டைத் தொட்டு, "இது எது, அம்மா?" என்று கேட்கும். "நீ ஏடு தொடக்கிய அன்று உடுத்த சட்டை" என்பீர்கள். அடுத்த துண்டைத் தொடும். "அது உன் அம்மம்மாவின் சேலை" என்பீர்கள். அம்மம்மாவைக் கண்டறியாத பிள்ளையும் அந்தத் துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு உறங்கிவிடும்.