நோயில்லாத ஆண்டின் செலவு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் முன்னோர். அது வீட்டுக்கு மட்டுமன்று, நாட்டுக்கும் பொருந்தும்.

சிலாபத்தருகே கடலோடு கலக்கும் தெதுறு ஓயா, 1934ஆம் ஆண்டின் வரட்சியில் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கிற்று. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பரவிய மலேரியா, இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உயிர் தப்பியவர்களோ பாயும் படுக்கையுமாயினர். காய்ச்சலில் நடுங்குபவன் ஏர் பிடிப்பதெங்ஙனம்? வலை இழுப்பதெங்ஙனம்? உழைப்போர் படுத்தால் ஊரின் வருவாயும் படுத்துவிடுமன்றோ?

1946 முதல் வீடுதோறும் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேரே! இனி அச்சமில்லையென்று தெளிப்பதை நிறுத்தினர். 1969இலோ, அத்தொகை ஐந்து இலட்சத்தையும் தாண்டிற்று.

மீண்டும் பல்லாண்டு பாடுபட்ட பின்னரே, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. எனினும், வெளிநாடு சென்று திரும்புவோருடன் அந்நோய் இன்றும் வந்திறங்குகின்றது. அதைப் பரப்பவல்ல நுளம்பும் இங்கேயே இருக்கின்றது.

ஆகவே, வாசகர்களே, நோயாளரே இல்லாத ஆண்டிலும் இரத்தம் சோதிப்போருக்கும் நுளம்பை ஆராய்வோருக்கும் அரசாங்கம் கொடுக்கும் சம்பளம் வீண்செலவன்று. அதைக் குறைப்பது சிக்கனமுமன்று.