நாற்பது போதுமா?

 

எட்டாம் வகுப்பு மாணவருக்கான உதவித்தொகைத் தேர்வில் தேர்வு பெற்றோர் பட்டியல் வெளியான மறுநாள் அது. மஃரிபுத் தொழுகை முடிந்து பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்த வேளையில், ஒரு தாயார் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மதரஸா வாசலில் வந்து நின்றார். அந்தப் பிள்ளை என்னிடம் ஐந்தாண்டுகளாக ஓதி வருபவன். தந்தையார் காரைக்குடியில் ஒரு தையற்கடையில் வேலை பார்ப்பவர்.

"ஹஜ்ரத், எழுபத்திரண்டு மார்க் எடுத்தாலே தகுதி என்றார்கள். இவன் எண்பத்து மூன்று எடுத்திருக்கிறான். அதை நம்பித் தெருவில் பத்து வீட்டுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டோம். இப்போது பட்டியலில் இவன் பெயர் இல்லை. இவன் அத்தா இரண்டு நாளாக இவனோடு பேசவில்லை. எல்லாம் நஸீபு என்று விட்டுவிடுவதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

பையன் தலையைக் குனிந்தபடி நின்றான். எங்கோ தவறு நேர்ந்துவிட்டது என்று அந்தத் தாயார் எண்ணினார். தவறு நேர்ந்தது உண்மையே. ஆனால் அது பையனுடையதும் அன்று, விடைத்தாள் திருத்தியவருடையதும் அன்று. 'தகுதி' என்ற ஒரு சொல்லை நாம் புரிந்துகொண்ட விதத்தில்தான் அந்தத் தவறு இருந்தது. இதே தவற்றை நம் இல்லங்கள் பலவும் செய்து வருவதால், இம்மாதம் இதைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

இரண்டு கோடுகள்

'தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம்' என்னும் நீண்ட பெயருடைய இத்திட்டத்தை ஒன்றிய அரசு 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. எட்டாம் வகுப்போடு ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடாமல் பன்னிரண்டாம் வகுப்புவரை தொடர வேண்டும் என்பதே இதன் நோக்கம். நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேருக்கு இது வழங்கப்படுகிறது. தமிழகத்தின் பங்கு 6,695. தொடக்கத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை 2017 முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கு 12,000, நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். தையற்கடைத் தொழிலாளியின் வீட்டில் இத்தொகை என்னவெல்லாம் செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தேர்வு இரண்டு தாள்களைக் கொண்டது. மனத்திறன் தாளில் 90 வினாக்கள். பாடத்திறன் தாளில் 90 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் 180 மதிப்பெண். இரண்டு தாள்களும் சேர்த்து 40 விழுக்காடு பெற வேண்டும் என்பது விதி. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 32 விழுக்காடு. 180-இல் 40 விழுக்காடு என்றால் 72. அந்தத் தாயார் சொன்ன எழுபத்திரண்டு இதுதான்.

ஆனால் இது முதற்கோடு மட்டுமே. இதைத் தாண்டியவர் போட்டியில் சேர்த்து எண்ணப்படுவார், அவ்வளவுதான். தமிழகத்தில் இத்தேர்வை எழுதுவோர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இடங்களோ 6,695. முதற்கோட்டைத் தாண்டியவர்களை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தி, இட ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாக இடங்கள் நிரம்பும்வரை எடுத்துக்கொள்வார்கள். கடைசி இடத்தைப் பெற்ற பிள்ளையின் மதிப்பெண் எதுவோ, அதுவே இரண்டாவது கோடு. 'கட்-ஆப்' என்று ஊரார் வழங்குவது இதைத்தான்.

ரமலான் மாதத்தில் நம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வழங்குவதை எண்ணிப் பாருங்கள். பாத்திரம் கொண்டுவரும் எவரும் கஞ்சிக்கு உரியவரே. ஆனால் அண்டாவில் இருப்பது இருநூறு வீட்டுக்கான கஞ்சி. முந்நூறு பாத்திரங்கள் வந்துவிட்டால், நூறு பேர் வெறும் பாத்திரத்தோடு திரும்பத்தான் வேண்டும். அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அண்டாவின் அளவு அவ்வளவுதான். அங்கே முன்வந்தவருக்கு முதலிடம். இங்கே மதிப்பெண் மிகுந்தவருக்கு முதலிடம். வேறுபாடு அது ஒன்றே.

முதற்கோடு விதிப் புத்தகத்தில் எழுதப்பட்டது, அசையாதது. இரண்டாவது கோடோ ஆண்டுதோறும் அசைவது. வினாத்தாள் எளிதாக இருந்தால் மேலே ஏறும். கடினமாக இருந்தால் கீழே இறங்கும். பிரிவுக்குப் பிரிவும் அது மாறும். ஆகவே இவ்வாண்டு இத்தனை மதிப்பெண் போதும் என்று தேர்வுக்கு முன்னரே எவராலும் உறுதி கூற இயலாது. பிள்ளையிடம், "நாற்பது விழுக்காடு எடுத்தால் போதும்" என்று சொல்கின்ற பெற்றோர், அறியாமலேயே அவன் முயற்சிக்கு ஓர் எல்லை கட்டிவிடுகிறார்கள்.

பிரிவு என்பது என்ன?

நம் மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. இத்தேர்வில் இட ஒதுக்கீடு அந்தந்த மாநில அரசின் விதிப்படியே பின்பற்றப்படுகிறது. தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி முஸ்லிம், மாப்பிள்ளை, அன்சார், துதேகுலா, ஷேக், சையது ஆகியோர் இதில் அடங்குவர். 6,695 இடங்களில் 3.5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 234 ஆகும்.

இது நமக்கு இடப்பட்ட வேலி என்று எவரும் எண்ண வேண்டா. பொதுப் பிரிவின் 31 விழுக்காடு எல்லாச் சமுதாயத்தாருக்கும் பொதுவானது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற முஸ்லிம் பிள்ளை அங்கே இடம்பெறலாம். அதற்குக் குறைந்தோருக்கே தனி ஒதுக்கீடு துணை நிற்கிறது.

ஆனால் பள்ளிப் பதிவேட்டில் 'முஸ்லிம்' என்று மட்டுமே எழுதிவிட்டு, எந்தப் பிரிவு என்பதைக் குறிக்காமல் விட்ட குடும்பங்களை நான் அறிவேன். சாதிச் சான்றிதழையே வாங்காமல் எட்டாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைகளும் உண்டு. பதிவேட்டில் பிரிவு தவறாக இருந்தால், பிள்ளை வேறொரு வரிசையில் நின்று வேறொரு கோட்டைத் தாண்ட வேண்டியதாகிவிடும். வினாத்தாளுக்கு முன்பே தோற்பது என்பது இதுதான்.

வாசலிலேயே நிற்போர்

தேர்வு எழுதுவதற்கே சில நிபந்தனைகள் உள்ளன. பிள்ளை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியிலோ, உள்ளாட்சிப் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. தனியார் பள்ளி மாணவருக்கும், அரசே உணவும் உறைவிடமும் தந்து நடத்தும் பள்ளி மாணவருக்கும் இது இல்லை. கடன் வாங்கியேனும் பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், இந்த வாசல் தங்களுக்கு அடைபடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முன்னர் சிறுபான்மை மாணவருக்கென இருந்த வாசல்கள் சுருங்கிவரும் காலம் இது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை வழங்கப்பட்ட சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கும் சிறுபான்மைப் பெண் பிள்ளைகளுக்கு பேகம் ஹஜ்ரத் மஹல் பெயரால் உதவித்தொகை வழங்கிவந்த மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடுமாறு 2024 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. 1963-இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வும் 2021-க்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. முன்பு விண்ணப்பித்தால் கிடைத்தவை பல, இன்று போட்டியிட்டே பெற வேண்டியவை ஆகிவிட்டன. ஆகவே போட்டியின் விதிகளை அறிவது நம் வீடுகளின் கடமையாகிறது.

என் பங்கு

அந்தத் தாயாரிடம் மேற்கண்ட விளக்கங்களை எல்லாம் சொன்னேன். பிறகு பையனிடம், "பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு நடந்ததா?" என்று கேட்டேன். "சனிக்கிழமை காலையில் நடந்தது, ஹஜ்ரத்" என்றான். "நீ போனாயா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்காக அவன் தாயார்தான் சொன்னார்: "சனிக்கிழமை காலையில் இங்கே ஓத வந்துவிடுவானே, ஹஜ்ரத். வராவிட்டால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று பயப்படுவான்."

வாசகர்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. ஓதலுக்கு ஒழுங்காக வருகிறான் என்று பலர் முன்னிலையில் நான் மெச்சிய பிள்ளை அவன். அந்த ஒழுங்கே அவனுக்குத் தடையாக இருந்ததை நான் அறியவில்லை. அறிந்துகொள்ள முயலவும் இல்லை. பயிற்சிக்குப் போயிருந்தால் பட்டியலில் கட்டாயம் வந்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். அந்த வாய்ப்பு அவன் கைக்கு எட்டவில்லை என்பது மட்டும் உண்மை. முதன்முதலாக இறங்கிய இறைவசனம் ஓதுமாறு பணித்தது என்று மேடைதோறும் பேசும் நாம், பிள்ளையின் ஒரு படிப்பை மற்றொரு படிப்புக்குப் பகையாக்கிவிடலாமா?

மறுவாரமே சனிக்கிழமை ஓதலை அஸருக்குப் பின் மாற்றிவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஃரிபுக்குப் பின் ஓதல் முடிந்ததும் அரை மணி நேரம் பழைய வினாத்தாள்களைக் கொண்டு பயிற்சி தருகிறோம். நான் கலைப் பட்டதாரி. கணக்கு எனக்குக் கைவராது. மஹல்லாவில் கல்லூரி படிக்கும் இளைஞர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றுள்ளார். அல்ஹம்துலில்லாஹ்.

இப்பயிற்சியில் நான் கண்டறிந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாடத்திறன் தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணக்குக்கு 20 என வினாக்கள் வரும். பள்ளிப் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை இதைச் சமாளித்துவிடும். நம் பிள்ளைகள் தடுமாறுவது மனத்திறன் தாளில்தான். எண் தொடரில் அடுத்த எண் எது, கூட்டத்தில் சேராத சொல் எது, உருவத்தில் மறைந்துள்ள உருவம் எது என்பன போன்ற வினாக்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இரா. பழகினால் மட்டுமே வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலின் எந்த வினாவையும் விடையளிக்காமல் விட்டுவரக் கூடாது. இந்தச் சிறு செய்தி தெரியாமல் பத்துப் பதினைந்து வினாக்களை விட்டுவந்த பிள்ளைகள் உண்டு.

வென்றவர்களும் அயர்ந்துவிடலாகாது. ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு பெற்றால்தான் மேல்நிலை வகுப்பில் தொகை தொடரும்.

கோட்டுக்குக் கீழே நிற்பவர்

இனி ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதற்கோட்டைத் தாண்டி இரண்டாவது கோட்டை எட்டாத பிள்ளைகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருப்பார்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். தகுதி உடையோர் என்று அரசின் விதியே ஏற்றுக்கொண்டவர்கள். பைத்துல்மாலிலிருந்து அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். ஒரு திருமண விருந்தில் மீந்து கொட்டப்படும் உணவின் விலை இதற்குக் குறையுமா? நம் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டுமென்று முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்கியவர். அந்த மண்ணில் வாழும் நமக்கு, ஒரு மஹல்லாவில் இரண்டு பிள்ளைகளைத் தாங்குவது பாரமாகாது.

நஸீபு பற்றிக் கேட்ட அந்தத் தாயாருக்கு நான் கூறிய மறுமொழி இதுதான்: "ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியம்மா. நாம் கயிற்றைத் தேடாமல் இருந்துவிட்டோம். அந்தக் குறை பிள்ளையுடையதன்று. நூற்றெண்பதுக்கு எண்பத்து மூன்று எடுத்தவன், தகுதிக் கோட்டைப் பதினொரு மதிப்பெண் தாண்டியிருக்கிறான். இதை அவன் அத்தாவிடம் சொல்லுங்கள்."

அப்பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். பதினொன்றாம் வகுப்பில், 2022 முதல் தமிழக அரசு நடத்தும் தமிழ்மொழி இலக்கியத் திறனறிவுத் தேர்வு உண்டு. அதில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பாதி இடங்கள். அதற்கு இப்போதிருந்தே படிக்கத் தொடங்கியிருக்கிறான். அவன் தந்தையார் சென்ற வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், அந்தத் தேர்வில் எத்தனை மார்க் எடுத்தால் போதும்?" என்று கேட்டார்.

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மகனும் பக்கத்தில் நின்று சிரித்தான்.

எட்டாம் வகுப்பில் பிள்ளை உள்ள இல்லங்கள் இன்றே தலைமையாசிரியரைப் பார்த்து, பதிவேட்டில் பிரிவு சரியாக உள்ளதா என்று கேட்டுவிடுங்கள். வருமானச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.