உருமாற்றிய வாகனங்கள்: காப்பீட்டில் விழும் ஓட்டை

புதுதில்லி: கேரளத்தின் தென்கோடியில் உள்ள வெள்ளறடையை அடுத்த பனச்சமூட்டில், எந்தக் கடை கேரளத்தில் உள்ளது, எந்தக் கடை தமிழகத்தில் உள்ளது என்பது வெளியூர்க்காரருக்கு எளிதில் விளங்காது. எல்லையைக் காட்டுபவை வாகனங்களின் எண் பலகைகள்தாம். கே.எல்.19 என்றால் பாறசாலை, கே.எல்.20 என்றால் நெய்யாற்றின்கரை, டி.என்.75 என்றால் மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையப்பட்ட மாநில எல்லையின் இருபுறமும் உறவும் வியாபாரமும் உண்டு. பழைய வாகனங்களும் கைமாறி இருபுறமும் ஓடுகின்றன.

மார்த்தாண்டத்தில் பதிவான பழைய ஜீப் ஒன்றை வெள்ளறடைவாசி ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். அகலமான டயர், உயர்த்தப்பட்ட சஸ்பென்ஷன், முன்புறம் இரும்புக் குழாய்ச் சட்டம், மாற்றிய சைலன்சர் ஆகியவை அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளன. மலையோர ரப்பர் தோட்டத்துக்கு ஏற்ற வண்டி என்று நம்பியே வாங்குகிறார். ஓராண்டுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்காக வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆய்வுக்குக் கொண்டு செல்லும்போதுதான் சிக்கல் தெரியவரும். மாற்றங்களைச் செய்தவர் யாராக இருந்தாலும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இப்போதைய உரிமையாளரே.

இந்தச் சிக்கலின் வேர் தில்லியில் உள்ளது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தொடக்கத்தில் சற்றுத் தாராளமாகவே இருந்தது. உரிமையாளர் முன்கூட்டித் தெரிவித்துப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெற்றால் வாகனத்தில் மாற்றம் செய்யலாம். 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவை மூடியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது புதிய விதியானது. அதாவது, உள்ளூர் அதிகாரியிடம் இருந்த அளவுகோல் தொழிற்சாலையின் கைக்குப் போனது.

இத்திருத்தத்தின் பொருள் குறித்த சர்ச்சை கேரளத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மாநில மோட்டார் வாகன விதிகளுக்கு உட்பட்டுக் கட்டமைப்பு மாற்றங்களை அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் கருதியிருந்தது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு அதை ரத்து செய்தது. தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு முரணான மாற்றத்தை மாநில விதியின் பெயரால் அனுமதிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் தர்க்கத்தைக் குறை கூறுவது எளிதல்ல. ஒரு புதிய மாடல் சந்தைக்கு வருமுன் அதன் மாதிரி வாகனம் புணேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளில் பிரேக், எடைப் பகிர்வு, புகை, விளக்கு எனப் பல நிலைகளில் சோதிக்கப்படுகிறது. பின்னர் ஒரு பட்டறையில் சஸ்பென்ஷனை நான்கு அங்குலம் உயர்த்தினால், வளைவில் அந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்தச் சோதனைச் சான்றும் இல்லை. முன்புற இரும்புச் சட்டம் வண்டிக்கு அழகு சேர்க்கலாம். ஆனால், மோதலின் வேகத்தை உள்வாங்க வேண்டிய பாகங்களின் வேலையை அது கெடுக்கிறது. குறுக்கே வரும் பாதசாரிக்கும் ஆபத்தாகிறது. இதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அத்தகைய சட்டங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது.

அதே 2019-இல் நாடாளுமன்றம் தண்டனையைக் கூட்டியது. 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற சொற்களே முக்கியமானவை. விளக்கு, ஹாரன், டயர், சைலன்சர் என்று எண்ணத் தொடங்கினால் பழைய ஜீப்பின் விலையை அபராதம் நெருங்கிவிடும்.

இச்சட்டத்தைக் கேரளம் அளவுக்குக் கண்டிப்புடன் கையாண்ட மாநிலங்கள் சிலவே. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் மூலம் புகழ்பெற்ற சகோதரர்கள் இருவரின் வேன் கைப்பற்றப்பட்டது. போக்குவரத்து அலுவலகத்தில் எழுந்த தகராறில் அவர்கள் கைதானபோது மாநிலமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. 2024 மே மாதம் ஆலப்புழையில் ஒருவர் காருக்குள் நீச்சல் குளம் அமைத்துச் சாலையில் ஓட்டினார். அது நகைப்புக்கு இடமளித்தாலும் உயர் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளானது.

நகைப்புக்கு இடமில்லாத நிகழ்ச்சி 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு நடந்தது. பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற தனியார் பேருந்து, அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் மாணவர்கள் ஐவர் உள்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். அந்தப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் சித்திரங்களும் சுற்றுலாப் பேருந்துகளிலிருந்து அகற்றப்பட்டு, அவை வெள்ளை நிறத்துக்கு மாறியது இதற்குப் பிறகே. மாற்றம் செய்வது தனிமனித ரசனை என்று வாதிடுவோர் இந்த விபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காப்பீடு யாரைக் காக்கிறது?

அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று கருதுவோர் கவனிக்கத் தவறுவது காப்பீட்டை. பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது 146-ஆவது பிரிவு. பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பதே பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மைதான்.

விபத்தில் சிக்கிய வெளியாள் இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எந்தெந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்பதைச் சட்டமே வரையறுத்துள்ளது. முன்பு 149-ஆவது பிரிவிலும் இப்போது 150-ஆவது பிரிவிலும் உள்ள அப்பட்டியலில், உரிமம் இல்லாத ஓட்டுநர், அனுமதிக்கு மாறான பயன்பாடு ஆகியவற்றுடன் 'ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை' என்பதும் இடம் பெற்றுள்ளது. வாகனத்தில் மாற்றம் செய்தது என்பது தனிக் காரணமாக அதில் இல்லை. ஆனால், முக்கியமான உண்மையை மறைத்துப் பெறப்பட்ட பாலிசி என்பது உள்ளது. என்ஜினை மாற்றியதைப் புதுப்பிக்கும்போது சொல்லாமல் விட்டவர் இந்த வாசல் வழியாகவே மாட்டிக்கொள்ள நேரும்.

பாதிக்கப்பட்டவரின் நிலையை உச்ச நீதிமன்றம் ஓரளவு காத்துள்ளது. 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது என்றும், அம்மீறல் விபத்துக்குக் காரணமாகும் அளவுக்கு அடிப்படையானதா என்று பார்க்க வேண்டும் என்றும் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. மீறல் இருந்தாலும், முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட முடியும். சாலையில் அடிபட்டவரின் குடும்பத்துக்கு இது பெரும் ஆறுதல். உரிமையாளருக்கோ பல லட்சம் ரூபாய்க்கான வசூல் நோட்டீஸ் வீடு தேடி வரும். வீடும் நிலமும் ஜப்திக்கு உள்ளாகலாம்.

சொந்த வாகனச் சேதத்துக்கான கோரிக்கையில் இந்தக் கருணையும் குறைவு. நிபந்தனை மீறிய சில வழக்குகளில் கோரிக்கையின் 75 சதவீதத்தை வழங்கும் வழக்கத்தை 2010-இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனால், செல்லத்தக்க பதிவே இல்லாத வாகனம் என்றால் கதை வேறு. தற்காலிகப் பதிவு காலாவதியான வாகனத்துக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று 2014-இல் நரிந்தர் சிங் வழக்கிலும், 2021-இல் சுசீல்குமார் கோதாரா வழக்கிலும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியற்ற மாற்றத்துக்காக 53-ஆவது பிரிவின்கீழ் பதிவு நிறுத்திவைக்கப்பட்ட ஜீப்பைச் சாலையில் எடுப்பவரின் கோரிக்கையும் இதே கதியை அடையும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. இடைநிறுத்தம் ஆறு மாதம் தொடர்ந்தால் பதிவையே ரத்து செய்யவும் சட்டம் இடமளிக்கிறது.

பந்தயக் காரின் இரட்டை வாழ்க்கை

முழுமையான பந்தயக் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் ஃபார்முலா கார்கள் லாரியில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. அவை பொதுச் சாலையைத் தொடுவதில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயத்துக்காகச் சாலைகளே மூடப்பட்டன. மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றிப் பொது இடத்தில் பந்தயம் நடத்துவது 189-ஆவது பிரிவின்படி குற்றம் என்பதால் அரசின் பங்கு அங்கே தவிர்க்க முடியாதது.

சிக்கல் ராலி கார்களுக்குத்தான். ஒரு ராலியில் வேகக் கட்டங்கள் மூடிய பாதையில் நடக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்ல, அதே கார் சாதாரணப் போக்குவரத்தோடு பொதுச் சாலையில் சிக்னலுக்கு நின்று செல்ல வேண்டும். எனவே பதிவும் காப்பீடும் கட்டாயம். ஆனால், ஓட்டுநரின் உயிரைக் காக்க உள்ளே பொருத்தும் எஃகுக் கூண்டும், அகற்றப்படும் பின் இருக்கைகளும், கடினமான சஸ்பென்ஷனும் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் இல்லாதவை. பந்தய விதி கட்டாயமாக்குவதைச் சாலை விதி தடுக்கிறது!

காப்பீட்டுத் துறை ஒரு காலத்தில் இதைக் கூடுதல் விவேகத்துடன் அணுகியது. கட்டண விகிதங்கள் ஒரே சீராக இருந்த நாளில், 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலில் கூடுதல் மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம், எரிவாயுக் கருவிக்குத் தனிப் பிரீமியம் என்று கணக்கு இருந்தது. ராலிகளில் பங்கேற்கும் வாகனங்களுக்கென்று தனி இணைப்பும் இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வாகனத்துக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு. 2007 ஜனவரியில் சொந்தச் சேதப் பிரிவு கட்டண நிர்ணயத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. மாற்றத்தைச் சொல்லி, அதற்கேற்ற பிரீமியம் கட்டலாம் என்ற எண்ணமே அப்பட்டியலின் அடிப்படை. மாற்றமே குற்றம் என்றான பின் எந்த உரிமையாளர் தாமாகச் சொல்ல முன்வருவார்?

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் மட்டும் நாடாளுமன்றம் இந்த முரணை உணர்ந்தது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், கையால் இயக்கும் பிரேக் போன்ற மாற்றங்களைச் செய்துவிட்டுப் பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்று 2019 திருத்தம் வழி செய்தது. எரிவாயு, மின்கலம் ஆகியவற்றுக்கு மாறுவோருக்கும் சான்றிதழ் பெற்ற கருவி என்ற பாதை உண்டு. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

பிற நாடுகள் இந்த இடைவெளியை ஆய்வாளர்களைக் கொண்டு நிரப்புகின்றன. ஜெர்மனியில் மாற்றம் செய்தவர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி, அதை வாகன ஆவணத்தில் பதிந்துகொள்கிறார். பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் என்ற ஆய்வு முறை உள்ளது. ஆவணத்தில் ஏறியதைக் காப்பீட்டு நிறுவனம் எடைபோட முடிகிறது. கட்டணத்தைக் கூட்டவோ மறுக்கவோ முடிகிறது.

இந்தியாவில் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்காக வேறு வகை மாற்றங்களுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் வரி 52-ஆவது பிரிவின் நிபந்தனைகளிலேயே உள்ளது. ராலி கார்களின் எஃகுக் கூண்டையும், மலைத் தோட்டங்களில் ஓடும் ஜீப்புகளின் சில மாற்றங்களையும் அதன்கீழ் பரிசீலிக்கலாம். பிரேக்கையும் வேகக் கட்டுப்பாட்டையும் விளக்கையும் தொடும் மாற்றங்களை எந்த விலக்குக்கும் வெளியே வைக்கலாம். ஆய்வு எங்கே நடப்பது, செலவை யார் ஏற்பது என்பவை எளிய கேள்விகள் அல்ல. வட்டார அலுவலகத்தின் விருப்பத்துக்கு விட்டால் 2000-க்கு முந்தைய நிலையே திரும்பும் என்ற அச்சமும் நியாயமானது. சோதனை நிலையத்தின் சான்று, அதன்பின் பதிவுச் சான்றில் திருத்தம், அதன்பின் காப்பீடு என்ற வரிசையை அமைச்சகமே வகுக்க வேண்டியிருக்கும்.

அதுவரை, எல்லை தாண்டி ஜீப் வாங்கும் வெள்ளறடைவாசி தம்மால் இயன்றதைச் செய்துகொள்ள வேண்டியதுதான். பணம் கொடுக்குமுன் ஆர்.சி. விவரங்களை வண்டியோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாத பாகங்களை விற்பவர் செலவிலேயே கழற்றவைக்க வேண்டும். கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.