பழுது பார்ப்பது பிறகு, படங்களை எடுப்பது முதலில்



கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது என்று சொன்னால் போதும், "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று உடனே பதில் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஹார்ட் டிஸ்க் மீது சந்தேகம் வந்தால், கோளாறைத் தேடும் முன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மழையில் விடைத்தாள் கட்டு நனைந்தால், கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஏணி தேடமாட்டோம். முதலில் கட்டைத் தூக்கி வேறு அறையில் வைப்போம். இதுவும் அப்படித்தான்.

சென்ற மாதம் என் தங்கை போன் செய்தாள். "அண்ணே, கடைக்காரர் ஃபார்மட் பண்ணச் சொல்றார், பண்ணிடவா?" காலமான அவள் கணவர் பத்து வருடம் எடுத்த படங்கள் அந்த டிஸ்கில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. "ஆஃப் பண்ணி வைம்மா, நான் வர்றேன்" என்றேன்.

டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக என் கம்ப்யூட்டரில் மாட்டி, படங்களை மட்டும் முதலில் காப்பி செய்தேன். திணறிய ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒரு பகல் முழுக்க ஆனது. ஏழு படங்கள் வரவில்லை. மற்றவை வந்துவிட்டன.

பிறகுதான் சோதனை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்பது சரியாகப் படிக்க முடியாத செக்டார்கள். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை நம்பக் கூடாது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், அதை மாற்றிப் பாருங்கள். தங்கையின் டிஸ்கில் ஏறியிருந்தது சி5.

'நல்ல நிலை' என்று காட்டினாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பழுதான டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

செக் டிஸ்க் ஓட்டலாமே என்பார்கள். அது டிஸ்க் முழுவதையும் படிக்கக்கூடும், திருத்தியும் எழுதக்கூடும். மூச்சு வாங்கும் நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது அது. படங்களை எடுத்த பிறகு ஓட்டுங்கள். டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் நீங்களே காப்பி செய்யவும் முயல வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. கம்ப்யூட்டரை ஓட வைப்பது அவர்கள் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்: "முதலில் டேட்டாவை எடுத்துத் தருவீர்களா?"

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், படங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று என்று சொன்னால், அன்றைக்கே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.