‘யாரிடமும் சொல்லாதே!’

கூடி வாழ்வது மனிதரின் இயல்பு. கிணற்றடி, திண்ணை, சந்தை, கோயில் வாசல் என நம் முன்னோர் கூடிப் பேசிய இடங்கள் பல. அங்கே நல்ல செய்தியும் பரவியது; வம்பும் வளர்ந்தது. கல்யாணப் பேச்சும் நடந்தது, கைமாற்றும் கேட்கப்பட்டது. இன்று அந்தத் திண்ணை கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. நம் வீடுகளையே எடுத்துக்கொள்வோமே! அப்பாவுக்கு அலுவலக நண்பர் குழு. அம்மாவுக்கு வகுப்புப் பெற்றோர் குழு. பாட்டிக்கு அன்பியக் குழு. அக்காவுக்குக் கல்லூரித் தோழியர் குழு. நமக்கோ வீட்டுப்பாடம் கேட்டுக்கொள்ள ஒரு குழு. மழைக்காக விடுமுறை என்ற செய்தி முதல், அறுவை சிகிச்சைக்கு இரத்தம் வேண்டும் என்ற வேண்டுகோள் வரை, இவற்றால் நாம் பெறும் நன்மைகளை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் திண்ணைக்கும் கைப்பேசிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திண்ணையில் பேசுபவரின் முகம் தெரியும், குரல் கேட்கும். கைப்பேசிக் குழுவில் தெரிவதெல்லாம் ஒரு பெயரும், கட்டைவிரல் நகமளவு ஒரு படமுந்தான். இந்த வேறுபாட்டை நம்மைவிட நன்றாக அறிந்தவன் திருடன். அவன் பூட்டை உடைப்பதில்லை. நமக்கு வேண்டியவர் ஒருவரின் முகமூடியை அணிந்துகொண்டு, நாமே கதவைத் திறக்கும்படி செய்துவிடுகிறான்.

அந்த முகமூடியை அவன் எப்படிப் பெறுகிறான்? வாட்ஸ்அப் கணக்கைப் புதிய கைப்பேசியில் தொடங்க வேண்டுமானால், எண்ணுக்கு உரியவருக்கு ஆறு இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு குறுஞ்செய்தியாக வரும். அந்த ஆறு இலக்கங்களே வீட்டின் சாவி. திருடன் நம் தோழி ஒருத்தியின் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிகிறான். குறியீடு தோழிக்குப் போகிறது. உடனே, அவன் முன்பே கைப்பற்றிவிட்ட வேறொருவரின் கணக்கிலிருந்து, “என் குறியீடு தவறுதலாக உனக்கு வந்துவிட்டது, அவசரம், கொஞ்சம் அனுப்பிவிடு” என்று ஒரு செய்தி வருகிறது. கேட்பவர் தெரிந்தவர்தானே என்று தோழி அனுப்பிவிடுகிறாள். அவ்வளவுதான்! அடுத்த நிமிடம் அவளுடைய கணக்கு அவன் கையில். அவள் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் அவள் பெயரிலேயே, “அம்மா மருத்துவமனையில், ஐயாயிரம் ரூபாய் உடனே வேண்டும்” என்று செய்தி பறக்கிறது. ஒரு வீட்டின் சாவி, தெருவிலுள்ள வீடுகள் அனைத்தையும் திறந்துவிடுகிறது.

வேடங்கள் இன்னும் பல. திருமண அழைப்பிதழ் என்று வரும் கோப்பு, நம் குறுஞ்செய்திகளைக் களவாடும் செயலியாக இருக்கலாம். பங்குச் சந்தையில் பணத்தைப் பெருக்கித் தருவதாக ஒரு குழுவில் நம்மைச் சேர்ப்பார்கள். அங்கே “எனக்கு இலாபம் வந்துவிட்டது” என்று மகிழ்வோர் அத்தனை பேரும் ஒரே கூட்டத்தின் ஆட்களாக இருப்பார்கள். காவல்துறை உடையில் காணொளி அழைப்பில் தோன்றி, “உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டிப் பணம் பறிப்போரும் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது இல்லவே இல்லை என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் வானொலி உரையில் விளக்க வேண்டியிருந்தது. இத்தகைய இணைய மோசடிகளால் இந்திய மக்கள் 2023-இல் இழந்த தொகை சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-இலோ அது சுமார் 22,845 கோடியாக உயர்ந்தது. இவை நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கூறிய கணக்குகள். ஒரே ஆண்டில் மும்மடங்கு!

இந்த வேடங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் இரண்டு வாக்கியங்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம். ஒன்று, ‘அவசரம்!’ மற்றொன்று, ‘யாரிடமும் சொல்லாதே!’ முதல் வாக்கியம் நம் சிந்தனையைப் பறிக்கிறது. இரண்டாவது வாக்கியம் நம் சுற்றத்தைப் பறிக்கிறது. டிஜிட்டல் கைது என்று மிரட்டுபவன், “அறைக்கதவைச் சாத்துங்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள், வீட்டாரிடம் மூச்சுவிடாதீர்கள்” என்கிறான். பொய்ப் பெயரில் பழகி ஒரு சிறுமியின் படத்தைப் பெற்றுக்கொண்டவன், “அம்மாவிடம் சொன்னால் இந்தப் படம் ஊருக்கே போகும்” என்கிறான். ஆட்டை மந்தையிலிருந்து பிரித்த பிறகல்லவா ஓநாய் பாய்கிறது! பக்கத்தில் இருப்பவரிடம், “இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறதே, உண்மையா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பெரும்பாலான மோசடிகள் அந்த இடத்திலேயே பொசுங்கிவிடும்.

ஆகவே எம் கருத்து இதுதான்: ஒரு குழுவுக்கு உண்மையான காவல், தயங்காமல் சொல்லும் பழக்கமே. மற்றக் காவல்கள் எல்லாம் அதற்குப் பின்தான்.

இதை மறுப்போர் உண்டு. “படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள், ஏமாறுபவர்கள் பேராசைக்காரர்கள்” என்பர் சிலர். மருத்துவரும் பொறியாளரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஏமாந்ததை நாளிதழ்களில் படித்த பின்னும் இப்படிப் பேசுவது சரியா? தாய்க்கு உடல்நலமில்லை என்று நம்பிப் பணம் அனுப்பியவர் பேராசைக்காரரா? அவர் அனுப்பியது இரக்கத்தால் அல்லவா?

“சட்டம் பார்த்துக்கொள்ளும்” என்பர் வேறு சிலர். சட்டம் இருக்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் திருடன் எங்கோ கடல் கடந்து இருக்கிறான். சில இடங்களில் அவனே ஒரு கைதியாகவும் இருக்கிறான்! கைநிறையச் சம்பளம் என்ற பொய் விளம்பரத்தை நம்பித் தாய்லாந்துக்குப் புறப்பட்ட இளைஞர்கள், மியான்மாரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையில் கட்டாயப்படுத்தப்பட்டனர். அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர் அழைத்து வரப்பட்டனர். யாரோ அனுப்பிய வேலைச் செய்தியைப் புறப்படும் முன் விசாரித்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், இவர்களில் சிலராவது தப்பியிருப்பார்கள் அல்லவா?

“குழுவின் நிர்வாகி பார்த்துக்கொள்ளட்டும்” என்பது மூன்றாவது வாதம். ஓர் உறுப்பினர் இட்ட தவறான பதிவுக்காக நிர்வாகியைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. நியாயந்தான். இருநூறு பேர் இருக்கும் குழுவை ஒரு தாய் சமையலுக்கும் அலுவலகத்துக்கும் இடையே எப்படிக் கண்காணிப்பார்? நிர்வாகி வாயிலில் நிற்கும் ஒருவரே. கண் திறந்திருக்க வேண்டியவர்கள் உள்ளே இருக்கும் நாம் அனைவரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சொல்லுதல் வேறு, பரப்புதல் வேறு. முன்பெல்லாம் தெய்வங்களின் பெயரால் அஞ்சலட்டைகள் வருமாம். ‘இதைப் போல் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை, கிழித்தெறிந்தால் தீமை’ என்று அதில் எழுதியிருக்குமாம். அதற்குப் பயந்து பாட்டிமார் கை வலிக்க எழுதி அனுப்பினார்கள். இன்று கை வலிப்பதில்லை. ஒரு விரலசைவு போதும். அதன் விளைவை 2018-இல் நாடு கண்ணீரோடு கண்டது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அவ்வாண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே உறவினருடன் வந்திருந்த ஒரு மூதாட்டி, சிறு பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அந்த அன்பையே குற்றமாகக் கருதிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றுவிட்டது. ஜூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அவ்வாறே கொல்லப்பட்டனர். அதன் பிறகே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்படுத்தியது.

அந்தப் பொய்யை முதலில் எழுதியவன் தீயவனாகவே இருக்கட்டும். அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் யார்? பிள்ளைகள் மீது பாசமுள்ள நல்லவர்கள்! ஐயம் எழுந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் கேட்க வேண்டும். உறுதி செய்யாமல் நூறு பேருக்கு அனுப்புவது தீயவனுக்குக் கூலியில்லாத வேலை செய்வதாகும்.

இனி, பெற்றோருக்கும் வணக்கத்துக்குரிய அருட்சகோதரியருக்கும் மாணவியராகிய நாங்கள் பணிவோடு ஒன்று சொல்ல விரும்புகிறோம். எங்களில் ஒருத்தி வலையில் சிக்கிக்கொண்டால், அவள் மனத்தில் முதலில் எழும் அச்சம் திருடனைப் பற்றியது அன்று. “வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்?” என்பதே. திட்டு விழும், கைப்பேசி பறிபோகும், “உனக்கு எதற்கு இதெல்லாம்?” என்ற கேள்வி வரும், சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும். இந்த அச்சமே மிரட்டுபவனின் மூலதனம். “அம்மாவிடம் சொல்லாதே” என்று அவன் துணிந்து சொல்வது, அவள் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான். தண்டனைக்குப் பயந்து ஒரு மகள் வாய் மூடினால், அந்த வீட்டின் கதவை உள்ளிருந்தே அவனுக்குத் திறந்துவிட்டதாகும். “என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், திட்டுவது பிறகு இருக்கட்டும்” என்று ஒரு முறை, ஆபத்து வருமுன்னரே, சொல்லிவைப்பீர்களாக.

பணம் இழந்தவருக்கும் இது பொருந்தும். 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால், தகவல் வங்கிகளுக்குப் போகும். திருடன் இன்னும் எடுத்துவிடாத பணத்தை நிறுத்திவைக்க வழியுண்டு. பணமோ ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நிமிடங்களில் பாய்கிறது. ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பணம் கைக்கு எட்டாமல் போகும். ஏமாந்தவரைப் பார்த்துக் குழுவில் சிரிப்புப் படம் போடுகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் சிரிப்பைக் கண்டு, அடுத்து ஏமாறப்போகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

பதினெட்டு வயது நிரம்பாதவரின் படத்தை வைத்து யாரேனும் மிரட்டினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போகாமலே, அதன் அடையாளக் குறியை மட்டும் கொண்டு, அதில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்களிலிருந்து அப்படத்தை நீக்க அது உதவுகிறது. மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது. மேலும் கேட்கவே செய்வான்.

குழுக்களில் நாம் உடனே கைக்கொள்ளக்கூடிய சில பழக்கங்களும் உண்டு. ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், உடன்பிறந்தவர் பெயரில் கேட்டாலும், தருவதில்லை என்று முடிவு செய்வோம். வாட்ஸ்அப்பில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்ற வசதியை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நாமே அமைத்துக் கொடுப்போம். சாவி களவு போனாலும் உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கும். பணம் கேட்டுச் செய்தி வந்தால் உரியவரைத் தொலைபேசியில் அழைத்துக் குரல் கேட்போம். குழுவில் சேரும் இணைப்பைப் பொது இடங்களில் பகிராமல் இருப்போம். ஒருவர் கணக்கு களவு போனது தெரிந்தால், அவரைக் குழுவிலிருந்து உடனே நீக்கி, “இது அவர் அல்லர்” என்று எல்லோருக்கும் அறிவிப்போம். கணக்கு மீண்டதும் அன்போடு வரவேற்போம்.

இப்படியெல்லாம் எழுதுவதால், எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்று நாம் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். புதிதாக வந்த மாணவியின் தாய் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டால், “இவர் யாரோ?” என்று முகம் திருப்பும் குழு பாதுகாப்பான குழு அன்று, அது வெறும் அடைத்த கதவு. உண்மையான அவசரத்தில் இரத்தமோ பணமோ கேட்பவர் நாளை நாமாகவும் இருக்கலாம். குரல் கேட்டு உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் உதவியைத் தடுக்காது. உதவி உரியவரைச் சேரும்படி செய்யும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். நம் குழுக்களின் காவலும் அப்படித்தான். தோழியரே! ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒரு குரல் கேட்கும் நாளில், அதுவே ஆபத்தின் மணியோசை என்று அறிந்துகொள்வோம். அந்த நொடியே எழுந்து சென்று, அம்மாவிடமோ ஆசிரியையிடமோ பக்கத்து இருக்கைத் தோழியிடமோ சொல்லிவிடுவோம். நம்மிடம் ஒருத்தி வந்து சொன்னால், சிரிக்காமல், ஏசாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்போம்.