ஊருணியா, தண்ணீர் வண்டியா?

காரியாபட்டி வட்டாரத்தாருக்கு நீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி இது. ஊருணி வற்றிய கோடைகளில் வண்டி நீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கியவர்கள் நாம். ஊருணி ஊருக்கெல்லாம் பொது. வண்டி நீரோ காசுள்ளவனுக்கு மட்டுமே. இன்று நம் மாணவரை இணையம் வண்டி நீராகவே வந்தடைகிறது.

'இணையம்தான் மலிந்துவிட்டதே, ஏழை வீட்டிலும் கைப்பேசி இருக்கிறதே, இனி என்ன ஏற்றத்தாழ்வு?' என்று கேட்போர் உண்டு. 2016-இல் ஜியோ வந்தபின் விலை சரிந்தது மெய்யே. ஆனால், 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது எந்த மாணவனைக் கேட்டு உயர்த்தின? விற்பவன் தரும் மலிவு சலுகையே அன்றி உரிமை ஆகாது. வீட்டின் ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால், பகல் முழுவதும் மகள் எதைக் கொண்டு கற்பாள்? கைப்பேசி உள்ள வீடெல்லாம் கற்க வழியுள்ள வீடாகிவிடாது.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசே இதை உணர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர் ஏறத்தாழ 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசத் தரவு அட்டை வழங்கப்படும் என்று அறிவித்தது. இணையமின்றிக் கல்வி இல்லை என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வேண்டுமா? ஒப்புக்கொண்ட கடமைக்கு நான்கே மாத ஆயுள்தானா? தொற்று நீங்கியது, தேவை நீங்கவில்லை. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியே நடைபெறுகிறது. நீட் தேர்வுக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். வாசலை இணையத்தில் வைத்துவிட்டு, வழியை மட்டும் விலைக்கு விற்பது எவ்வகை நீதி? இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று, விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

'பிள்ளைகள் படிக்கவா பார்க்கிறார்கள்?' என்பது அடுத்த கேள்வி. நானும் மறையுரையில் அவ்வாறு கடிந்தவன்தான். ஒரு மாலை, பங்கு இல்லத்துச் சுவரோரம் கைப்பேசியோடு நின்ற மாணவியைக் கண்டிக்கச் சென்றேன். உபதேசியாரிடம் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்று, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் அது. உள்ளே அழைத்து நாற்காலி தராத குற்றம் என்னுடையது. நூலகத்தில் சிலர் கதை மட்டும் படிக்கிறார்கள் என்பதற்காக நூலகத்தை மூடுவோமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது நம் விருதுநகர் மாவட்டம். தாகமுள்ள பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுசெல்ல வகுக்கப்பட்ட பாரத்நெட் திட்டம், அலுவலகச் சுவரோடு நின்றுவிடக் கூடாது. நூலகத்திலும் விடுதியிலும் பள்ளி முடிந்த பின்னும் மாணவருக்கு அது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். இதை அரசிடம் உரிமையோடு கேட்போம்.

கேட்கும் முன், நம் பங்கு அலுவலகங்களின், பள்ளிகளின் பூட்டை நாம் திறப்போம். பொதுநீருக்குப் பூட்டுப் போட்டவனை இந்த மண் மன்னித்ததில்லை.